பள்ளி சொல்லும் முன் வீடு சொல்லட்டும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சென்ற குளிர்காலத்தில் ஒரு மாலை. லண்டன் புறநகரில் நாம் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் மதரஸாவில், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி முஸ்ஹஃபைத் திறக்காமலேயே அமர்ந்திருந்தாள். பாடம் கேட்டபோது அழுதாள். மற்றப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனியே விசாரித்தோம். நெடுநேரம் வாய் திறவாதிருந்தவள், "உஸ்தாதா, நான் மௌத்தாகப் போறேனா?" என்று கேட்டாள். இரண்டு நாள்களாக அவளுக்கு இரத்தம் வந்துகொண்டிருந்தது. டிஷ்யூத் தாளை மடித்து வைத்துக்கொண்டே பள்ளிக்கும் மதரஸாவுக்கும் வந்து போயிருக்கிறாள். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "அந்த இடத்தைப் பத்திப் பேசினா உம்மா ஏசுவாங்க" என்றாள்.

அது நோயன்று, ஹைளு என்றும், ஆதமின் பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்த ஒன்று என்றும் அவளுக்கு விளக்கினோம். பின்னர் அவளுடைய தாயாரை அழைத்தோம். மகளைவிடத் தாயே அதிகம் அழுதார். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் பள்ளியில் அவளுடைய வகுப்புக்கு மாதவிடாய் பற்றிய பாடம் நடந்திருக்கிறது. அன்று தாயார் மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அந்த வகுப்பில் ஆபாசப் படங்கள் காட்டுகிறார்கள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் படித்திருந்தார்.

அச்செய்தியை மதரஸாத் தாய்மார் குழுவில் பகிர்ந்தது நாமேதான். எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, எந்தப் படம் என ஒன்றையும் விசாரியாமல், நல்லெண்ணத்தோடு பகிர்ந்தோம். வந்த செய்தியைத் தீர விசாரியுங்கள், இல்லையேல் அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்துவீர்கள் என்று ஸூரா அல்ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் எச்சரிப்பதைப் பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறோம். அதன் பொருளை அன்றுதான் நேரில் கண்டோம். அந்தத் தவறுக்குப் பரிகாரமாகவும் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சட்டம் சொல்வது என்ன?

இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் முதல் எல்லா ஆரம்பப் பள்ளிகளிலும் 'உறவுகள் கல்வி' கட்டாயம். அரசு நிதி பெறும் பள்ளிகளில் 'உடல்நலக் கல்வி'யும் கட்டாயம். ஆரம்பப் பள்ளியில் 'பாலியல் கல்வி' கட்டாயமன்று. நம் பெற்றோர்களில் பலர் இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். நம்முடைய அச்சங்களில் பாதி இந்தக் குழப்பத்திலிருந்து பிறந்தவை.

உறவுகள் கல்வியில் குடும்பம், நல்ல நட்பு, பிறரை மதித்தல், இணையத்தில் பழகும் முறை, பாதுகாப்பாக இருத்தல் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. உன் உடல் உன்னுடையது, தகாத தொடுதல் எது, யாரிடம் முறையிடலாம் என்பனவெல்லாம் இதில் அடங்கும். உடல்நலக் கல்வியில் உணவு, உறக்கம், பல் துலக்குதல், மனநலம் ஆகியவற்றோடு பருவமடைதலும் மாதவிடாயும் வருகின்றன. பருவ மாற்றங்களைக் குறிப்பாக 9 வயது முதல் 11 வயது வரையில் கற்பிக்கும்படி அரசின் வழிகாட்டி கூறிற்று. இவ்விரண்டிலிருந்தும் பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமை பெற்றோருக்கு இல்லை. அந்த நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்வது அனுமதியற்ற விடுப்பாகப் பதிவாகக்கூடும்.

மனிதக் கரு எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிவியல் பாடத்துக்கு அப்பால் பள்ளி கற்பிக்க முடிவு செய்தால், அதுவே பாலியல் கல்வி. அதிலிருந்து பிள்ளையை விலக்க ஆரம்பப் பள்ளிப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. கோரினால் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டாக வேண்டும். 2025 ஜூலையில் வெளியிடப்பட்டு 2026 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்குரியதான திருத்திய வழிகாட்டி, பாலியல் கல்வியை ஆரம்பப் பள்ளியின் 5, 6 ஆகிய வகுப்புகளில் வைத்துக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறது. அறிவியல் பாடத்திலிருந்து விலக இயலாது. செடிகளும் விலங்குகளும் இனப்பெருக்கம் செய்வதும், மனிதன் குழந்தைப் பருவத்திலிருந்து முதுமை வரை அடையும் மாற்றங்களும் 5ஆம் வகுப்பு அறிவியலிலேயே இருக்கின்றன.

இவற்றோடு நமக்குக் கிடைத்திருக்கும் வேறு சில உரிமைகளும் உண்டு. பள்ளி தன் கொள்கையை வகுக்கும்போது பெற்றோரிடம் கருத்துக் கேட்க வேண்டும். அக்கொள்கையை இணையதளத்தில் வெளியிட வேண்டும். பாடத்தைத் திட்டமிடும்போது பிள்ளைகளின் மதப் பின்னணியைக் கருத்தில் கொள்ள வேண்டும். என்ன கற்பிக்கப் போகிறீர்கள், காட்டுங்கள் என்று நாம் கேட்கலாம். (இவை இங்கிலாந்துக்குரியவை. வேல்ஸில் 2022இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் விலக்கும் உரிமையே கிடையாது. அங்கு வாழும் குடும்பங்கள் இதைக் கவனிக்க.)

அந்தச் சிறுமியின் பள்ளிக்கு அவளுடைய தாயாரோடு நாமும் சென்றோம். அன்றைய பாடத்தின் தாள்களை ஆசிரியை எடுத்து வைத்தார். உடலின் உட்புறத்தைக் காட்டும் ஒரு கோட்டு வரைபடம், பேட் வைத்துக்கொள்ளும் முறை, வயிற்று வலி வந்தால் செய்ய வேண்டியவை, யாரிடம் சொல்ல வேண்டும் என்ற ஒரு பட்டியல். அவ்வளவே. பெண்பிள்ளைகளைத் தனியே வைத்து ஆசிரியை ஒருவர் நடத்தியிருக்கிறார். எல்லாப் பள்ளிகளும் இப்படித்தான் நடத்தும் என்று நாம் சொல்லவில்லை. சென்று பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது என்பதையே சொல்கிறோம்.

மார்க்கம் இதைப் பேசியிருக்கிறது

"பச்சைப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் பேசலாமா? ஹயா என்னாவது?" என்று நம் தாய்மார்கள் கேட்கிறார்கள். ஹயா ஈமானின் ஒரு கிளை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஹயாவை நமக்குக் கற்றுத்தந்த மார்க்கம் இவ்விஷயத்தில் எவ்வாறு நடந்துகொண்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஏழெட்டு வயதில் நம் பிள்ளைகள் அம்ம ஜுஸ்வை மனனம் செய்கிறார்கள். அதில் ஸூரா அத்தாரிக் வருகிறது. மனிதன் தான் எதிலிருந்து படைக்கப்பட்டான் என்று சிந்திக்கட்டும் என்றும், வேகமாக வெளிப்படும் நீரிலிருந்து அவன் படைக்கப்பட்டான் என்றும் அந்த ஸூரா சொல்கிறது. பொருள் கேட்கும் பிள்ளைக்கு நாம் என்ன சொல்கிறோம்? "பெரியவளானால் தெரியும், அடுத்த ஆயத்தை ஓது" என்றே நாமும் பல ஆண்டுகள் சொல்லி வந்தோம். அல்லாஹ் தன் வேதத்தில் வைத்த சொல்லுக்குப் பிள்ளையின் வயதுக்கேற்ப ஒரு விடை சொல்ல நமக்குத் தெரியவில்லை. "ஒரு தாயிடமிருந்தும் ஒரு தந்தையிடமிருந்தும் மிகச் சிறிய ஒரு துளியைக் கொண்டு அல்லாஹ் உன்னைப் படைத்தான்" என்பது ஏழு வயதுக்குப் போதுமான விடை. அதில் பொய்யும் இல்லை, வெட்கக்கேடும் இல்லை.

ஸூரா அந்நூரின் 58ஆவது வசனம், பருவமடையாத பிள்ளைகளும் மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே பெற்றோரின் அறைக்குள் வர வேண்டும் என்கிறது. ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடை தளர்த்தியிருக்கும் வேளையில், இஷாவுக்குப் பின். அடுத்த வசனம், பருவமடைந்த பின் பெரியவர்களைப் போல எப்போதுமே அனுமதி கேட்க வேண்டும் என்கிறது. கணவன் மனைவிக்கென்று ஒரு மறைவு உண்டு, உடலுக்கென்று ஒரு கண்ணியம் உண்டு, பருவம் என்று ஒரு எல்லை உண்டு. இம்மூன்றையும் சிறு பிள்ளைக்குக் கற்பிக்கச் சொல்வது குர்ஆன்தான். ஏழு வயதில் தொழுகையை ஏவுமாறும், பத்து வயதில் படுக்கையைப் பிரித்து வைக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். பத்து வயதில் படுக்கையைப் பிரிக்கும் பெற்றோர், ஏன் பிரிக்கிறோம் என்பதையும் நல்ல சொற்களில் சொல்லியாக வேண்டும் அல்லவா?

உம்மு சுலைம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, உண்மையைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று முன்னுரைத்துவிட்டு, உறக்கத்தில் ஸ்கலிதமானால் பெண்ணுக்கும் குளிப்பு கடமையா என்று கேட்டார்கள். அருகிலிருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்கள் நாணத்தால் முகத்தை மூடிக்கொண்டார்கள். நபி (ஸல்) அவர்கள் கேட்டவரைக் கடிந்துகொள்ளவில்லை. நேரடியாகப் பதிலளித்தார்கள். மார்க்கத்தை அறிந்துகொள்ள அன்ஸாரிப் பெண்களை வெட்கம் தடுக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அவர்களைப் புகழ்ந்திருக்கிறார்கள். முகத்தை மூடிக்கொண்ட நாணமும் அந்தச் சபையில் இருந்தது, கேள்வியும் பதிலும் இருந்தன. ஒன்று மற்றொன்றை விரட்டவில்லை.

ஃபிக்ஹு நூல்களையும் பாருங்கள். ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் ஹைளு வருவதற்கான குறைந்த வயது சந்திரக் கணக்கில் 9 ஆண்டுகள். ஆங்கிலக் கணக்கில் அது ஏறத்தாழ எட்டே முக்கால் வயது. அந்த வயதுக்குள் ஒரு பெண்பிள்ளைக்கு ஹைளின் சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள். நம்மிடம் வந்த சிறுமி அந்த வயதைக் கடந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. பள்ளி அவளுக்குச் சொல்ல முயன்றது. வீடும் மதரஸாவும் சொல்லவில்லை.

விலக்கிய பிறகு என்ன?

2019இல் பர்மிங்ஹாமில் பார்க்ஃபீல்ட், ஆண்டர்டன் பார்க் ஆகிய ஆரம்பப் பள்ளிகளின் வாயிலில் பெற்றோர்கள் பல மாதங்கள் போராடியதை அனைவரும் அறிவோம். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஒருபாலினத்தவரின் குடும்பங்களைப் பற்றிய பாடமே அங்கே பிரச்சினையின் மையம். ஆண்டர்டன் பார்க் பள்ளிக்கு வெளியே போராடுவதற்கு உயர் நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரில் தடை விதித்தது. அந்தப் பெற்றோர்களின் கவலையை நாம் அற்பமாகக் கருதவில்லை. தங்களிடம் சரியாகக் கலந்தாலோசிக்கவில்லை என்ற மனத்தாங்கல் அவர்களுக்கு இருந்தது. ஆயினும் ஒலிபெருக்கிகளுக்கு நடுவே பள்ளிக்குள் நடந்து சென்ற பிள்ளைகளையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவ்விஷயத்தில் நம் கருத்து இதுதான். திருமணம் பற்றிய நம் மார்க்கத்தின் நிலைப்பாடு தெளிவானது. அதை நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்ல வேண்டும், பள்ளி சொல்லும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. அதே வேளையில், தன் வகுப்பில் படிக்கும் இன்னொரு பிள்ளையின் குடும்பத்தை நம் பிள்ளை ஏளனம் செய்தால் அது மார்க்கப் பற்றாகாது, தீய குணமாகும். ஏளனம் செய்வதை அதே ஸூரா அல்ஹுஜுராத் தடுத்திருக்கிறது.

பாலியல் கல்வியிலிருந்து பிள்ளையை விலக்குவது பெற்றோரின் உரிமை என்றோம். பள்ளியின் பாடத்தை முழுமையாகப் பார்த்த பின், இது என் பிள்ளையின் வயதுக்குப் பொருந்தாது என்று ஒரு தாயோ தந்தையோ முடிவு செய்தால் அந்த முடிவை நாம் மதிக்கிறோம். ஆனால் விலக்கிய அன்று மாலையே அந்தப் பொறுப்பு பள்ளியின் தோளிலிருந்து நம் தோளுக்கு வந்துவிடுகிறது. வகுப்பில் கேட்காததை அடுத்த இடைவேளையிலேயே விளையாட்டுத் திடலில் பிள்ளை கேட்டுவிடும். ஆசிரியை சொன்னதைப் பாதி புரிந்துகொண்ட ஒரு பிள்ளை, சிரிப்போடும் கேலியோடும் அதை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லும். மீதியைக் கைப்பேசி சொல்லும். ஆகவே, வீட்டில் சொல்லிக்கொடுக்க முடியாதவர்கள் விலக்க வேண்டாம். விலக்குகிறவர்கள் அன்றே சொல்லிக்கொடுங்கள்.

வாப்பாமார்களுக்கு ஒரு சொல்

பெண்பிள்ளைக்காவது தாயோ சாச்சியோ இருக்கிறார்கள். ஆண்பிள்ளையை எவரும் நினைப்பதில்லை. சுன்னத் கல்யாணத்துக்கு ஊரையே அழைத்து விருந்து வைக்கிறோம். அதே பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உறக்கத்தில் ஸ்கலிதமாகும்போது அது என்ன, அதற்குக் கடமையான குளிப்பு எப்படி என்று சொல்ல வாப்பாவுக்கு வாய் வருவதில்லை. குளிப்பு கடமையானது தெரியாமல் அவன் ஸஃப்பில் நின்று தொழுதுகொண்டிருக்கிறான். அல்லது தனக்கு ஏதோ அசிங்கமான நோய் வந்துவிட்டது என்று எண்ணித் தொழுகையிலிருந்தே விலகி நிற்கிறான்.

வெட்கமாக இருக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. அலி (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் மருமகன். மதீ எனும் கசிவு குறித்த சட்டத்தை மாமனாரிடம் கேட்க அவர்களுக்கு நாணமாக இருந்தது. மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பிக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். நாணம் அவர்களிடம் இருந்தது. அதற்காகக் கேள்வியை அவர்கள் கைவிடவில்லை. உங்களால் முடியாவிட்டால் மாமாவோ, மூத்த சகோதரனோ, நம்பிக்கையான ஆலிமோ சொல்லட்டும். யாரும் சொல்லாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சொல்லத் தெரியாத பிள்ளைக்கு யார் காவல்?

இதை எழுதுவது எளிதன்று. ஆயினும் மதரஸாவில் பணிபுரியும் நாமே இதைச் சொல்லாவிடில் வேறு யார் சொல்வது? பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர்கள் பெரும்பாலும் அந்நியர்கள் அல்லர். குடும்பத்தின் நம்பிக்கையைப் பெற்று, பிள்ளையோடு தனித்திருக்க வாய்ப்புப் பெற்றவர்களே. உறவினர் வீடும், டியூஷன் வகுப்பும், மதரஸாவும் இதற்கு விதிவிலக்கல்ல.

அந்தச் சிறுமி இரண்டு நாள்கள் தன் இரத்தத்தை மறைத்ததை நினைக்கும்தோறும் நமக்கு வேறொரு அச்சம் வருகிறது. 'அந்த இடத்தைப் பற்றிப் பேசக் கூடாது' என்று வளர்ந்த பிள்ளை, எவரேனும் அந்த இடத்தைத் தீண்டினால் யாரிடம் சொல்லும்? எந்தச் சொல்லால் சொல்லும்? தீங்கு செய்பவன் நம்பியிருப்பது அந்த மௌனத்தைத்தான்.

இங்குள்ள பள்ளிகள் பலவற்றில் என்.எஸ்.பி.சி.சி. எனும் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பின் 'பேண்ட்ஸ்' விதி கற்பிக்கப்படுகிறது. உள்ளாடை மறைக்கும் பகுதிகள் உனக்கு மட்டுமே உரியவை, உன் உடல் உன்னுடையது, வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மனத்தை வருத்தும் இரகசியத்தைச் சொல்லிவிடு, வாய் திறந்து பேசு. இவ்வளவே அந்த விதி. அவ்ரத்தை மறைக்கக் கற்பிக்கும் நமக்கு இதில் அந்நியமானது எது? இஸ்திஞ்சாச் சட்டத்தைக் கற்பிக்கும்போதே இதையும் சேர்த்துக் கற்பிக்கலாம். இப்போது நம் மதரஸாவில் அப்படித்தான் செய்கிறோம். "உஸ்தாதாவாக இருந்தாலும் கூடவா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். உஸ்தாதாவாக இருந்தாலும்தான் என்றோம்.

வீட்டில் எங்கே தொடங்குவது?

ஏழு வயதுக்குள்: உடலுறுப்புகள் அனைத்துக்கும் சரியான பெயரைச் சொல்லிக்கொடுங்கள். செல்லப்பெயர் மட்டுமே தெரிந்த பிள்ளையால் மருத்துவரிடமோ ஆசிரியரிடமோ தெளிவாகச் சொல்ல இயலாது. குளிப்பாட்டும்போதும் இஸ்திஞ்சா கற்பிக்கும்போதும் இது இயல்பாக வரும். விருந்தினர் எவருக்கும் முத்தம் கொடுக்கும்படியோ மடியில் அமரும்படியோ வற்புறுத்தாதீர்கள். ஸலாம் சொன்னால் போதும்.

ஏழிலிருந்து ஒன்பதுக்குள்: அனுமதி கேட்டு அறைக்குள் வரும் பழக்கத்தைக் கற்பியுங்கள், நீங்களும் பிள்ளையின் அறைக்கதவைத் தட்டிச் செல்லுங்கள். பெண்பிள்ளைக்கு ஹைளைப் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு சிறு பையில் பேட் வைத்துப் பள்ளிப் பையில் போட்டு வையுங்கள். அந்த நாள்களில் தொழுகையும் நோன்பும் இல்லை, விட்ட நோன்பைப் பின்னர் நோற்க வேண்டும், விட்ட தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை என்ற சட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பத்துக்கு மேல்: ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் பாலிகாவதன் அடையாளங்கள், கடமையான குளிப்பு, இணையத்தில் தகாத படம் கண்ணில் பட்டால் செய்ய வேண்டியது ஆகியவற்றைச் சொல்லுங்கள். கண்ணில் பட்டதற்காக ஏசினால் அடுத்த முறை உங்களிடம் வரமாட்டார்கள்.

ஒரே நாளில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முயல வேண்டாம். காரில் செல்லும்போது, துணி மடிக்கும்போது, ஓர் ஆயத்துக்குப் பொருள் கேட்கும்போது என்று சிறிது சிறிதாகச் சொல்லுங்கள். உங்களிடம் சொல்லவும் முடியாத நிலை வந்தால், சைல்டுலைன் 0800 1111 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம் என்பதையும் பிள்ளை அறிந்திருக்கட்டும்.

அந்தச் சிறுமி இப்போது மீண்டும் ஓத வருகிறாள். சென்ற மாதம் தன்னைவிட இளைய ஒரு பிள்ளையை அழைத்து வந்து, "உஸ்தாதா, இவளுக்கும் சொல்லிக்கொடுங்க, இவளுக்குப் பயமா இருக்காம்" என்றாள். அவளுடைய தாயாரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம், அவரும் மன்னித்தார். மதரஸாத் தாய்மார் குழுவில் நாம் பகிர்ந்த அச்செய்தி தவறானது என்று அதே குழுவில் எழுதினோம். விசாரியாமல் பகிர்ந்ததற்காக அல்லாஹ்விடமும் பாவமன்னிப்புத் தேடுகிறோம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் உடலையும் உள்ளத்தையும் ஈமானையும் பாதுகாப்பாயாக! அவர்கள் எங்களை நம்பிப் பேசும் வகையில் எங்கள் நாவுகளையும் முகங்களையும் மென்மையாக்குவாயாக! ஆமீன்.

அல்லாஹ் மிக அறிந்தவன். வஸ்ஸலாம்.